கேட்காமல் திரும்பிய பெரியம்மை

என் பெரியம்மை பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தாழக்குடியில்தான். திருநீறு பூசாமல் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். கோபம் வந்தால் அடுக்களைப் பாத்திரங்கள்தான் பேசும், அவர்கள் பேசமாட்டார்கள்.

தம்பியைப் பெற்ற சில நாளில் என் அம்மை காலமானார்கள். அப்பா சாராயத்தில் விழுந்தார். கைக்குழந்தையையும் என்னையும் வீட்டுக்குள் பூட்டிவிட்டுப் போனவர் மறுநாள்தான் வந்தார். ஊர்ப் பெரியவர்கள் அம்மன் கோவில் முன் கூடினார்கள். அப்பா ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டு, "இனி இந்தப் பிள்ளைகமேல எனக்கு அவகாசம் இல்ல" என்றார். அவகாசம் என்றால் எங்கள் பக்கத்தில் உரிமை; உறவை அறுப்பதும் அப்படித்தான்.

பெரியம்மையால் அந்தக் கூட்டத்துக்கு வர முடியவில்லை. பெற்ற குழந்தையைப் பறிகொடுத்து, பேறுகாலத் தீட்டில் இருந்தார்கள். பெரியப்பா மட்டும் போனார்கள். "பிள்ளை தங்காத வீட்டுல கைக்குழந்தைய விடப்பிடாது" என்று பெரியவர்கள் சொல்ல, பெரியப்பா தலையாட்டிவிட்டார்கள். நான் பெரியம்மையிடம் வந்தேன். தம்பியை அப்பாவின் தங்கையான அத்தை அருமனைக்குக் கொண்டுபோனார்கள். பால் கட்டிய வேதனையோடு பெரியம்மை அழுததை நினைத்தால் அந்தப் பெரியவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. யாராவது ஒருவர் வந்து அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

தம்பி பேசத் தொடங்கிய பிறகுதான் பெரியப்பா வண்டி கட்டச் சம்மதித்தார்கள். "பிள்ளையோடதான் வருவேன்" என்று போன பெரியம்மை வெறுங்கையோடு வந்தார்கள்.

"வாசல் வரைக்கும் போனேன் மக்கா. அவன் அவள அம்மேன்னு விளிச்சான். ஒரு தடவை அறுத்தது போதும்" என்றார்கள். அதன்பின் அருமனைப் பேச்சையே எடுக்கவில்லை.

வேறு பிள்ளை பிறக்கவில்லை. பெரியப்பாவும் முந்திப் போய்ச் சேர்ந்தார்கள். என்னைப் படிக்கவைத்து, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தது பெரியம்மைதான். கடைசிக் காய்ச்சலில் நினைவு தப்பியபோது, "அருமனைக்கு வண்டி கட்டியாச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பெரியம்மை இறந்த சேதி கிடைத்ததும் அத்தை தம்பியோடு வந்தார்கள். கொள்ளி வைப்பது யார் என்று ஊரார் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை பெரியம்மையின் காலடியில் உட்கார்ந்து, "அன்னைக்கு நீ வாசல்ல நின்னதக் கண்டேன் மைனி. கேட்டிருவியோன்னு பயந்து பிள்ளைய இறுக்கிப் பிடிச்சேன். நீ கேக்கல்ல. இன்னைக்கு நானே தாறேன்" என்று சொல்லித் தம்பியை முன்னால் விட்டார்கள்.

காய்ச்சலில் உடனிருந்து பார்த்த அயல்வீட்டுப் பெண்களுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் நன்றி. அத்தைக்கும் நன்றி என்று எழுதிப் பார்த்தேன்; அந்தச் சொல் போதவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான்.