எரிந்துபோன கொட்டகை இருந்த இடம்

வாரன் ஊரில் சிப்பி அள்ளிப் பிழைத்த அடெலினோவுக்கு, அண்ணன் இருக்கும் வெஸ்டர்லி என்றால் வேறு நாடு. காரில் ஒரு மணி நேரம்தான். ஆனால் இரண்டு ஊரும் இருக்கும் குட்டி மாநிலமான ரோட் ஐலண்டில் இருபது நிமிடத்தைத் தாண்டினாலே அது பயணம். சாப்பாடு கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் மாநிலம், வேண்டியதெல்லாம் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்துவிடும். அந்தச் சோம்பலில் அண்ணன் பெர்னார்டோவைப் பார்த்து ஆறு வருடமாகிவிட்டது. சண்டை என்றாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும்.

நாளை பெர்னார்டோவுக்கு இதய அறுவை சிகிச்சை. பிழைப்பாரா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. அடெலினோ இனிப்பு ரொட்டியோடு கிளம்பிவிட்டார்.

வழி கேட்டபோது அண்ணன் சொன்னது இதுதான்: "நூல் ஆலை இருந்துச்சில்ல, அங்க இடது பக்கம் திரும்பு. எரிஞ்சுபோன சினிமாக் கொட்டகைகிட்ட வந்தா நம்ம வீடு."

அங்கே யாரும் தெருப்பெயர் சொல்வதில்லை. இல்லாமல் போனதை வைத்துத்தான் வழி. வாரனில் இல்லாமல் போனதெல்லாம் அடெலினோவுக்கு அத்துப்படி. வெஸ்டர்லியில் என்ன தெரியும்?

கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. சுற்றிச் சுற்றி வந்தார். பனிக்குள் ஆலையின் புகைபோக்கி தெரிவதுபோல் இருக்கும். பக்கத்தில் போனால் வெறும் புல்தரை. எங்கோ படம் விட்டுக் கூட்டம் கலையும் சத்தம்கூடக் கேட்டது. பயம் வந்துவிட்டது. சொந்த மாநிலத்திலேயே தொலைந்து, அண்ணனைப் பார்க்காமலே போய்விடுவோமோ?

ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இல்லாத கொட்டகைய நான் எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

"இப்ப எங்கடா நிக்கிற?"

"செவப்புக் கூரை போட்ட பங்க்குல."

"அட மடையா, அதான் அந்தக் கொட்டகை."

சற்று நேரத்தில் பனிக்குள்ளிருந்து, வீட்டுச் செருப்பும் பெரிய கோட்டுமாக ஓர் உருவம் வந்தது. கட்டிப்பிடித்தபோது கோட்டுக்குள் எலும்புதான் இருந்தது. அடெலினோ அழுதுவிட்டார்.

காருக்குள் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள்.

"நாளைக்கு நான் போயிட்டா இந்த ஊருக்கு ஒரு அடையாளம் கூடும்," என்றார் பெர்னார்டோ. "பெர்னார்டோ இருந்த வீட்டுகிட்ட திரும்புன்னு சொல்லலாம்."

"அது உள்ளூர்க்காரனுக்குப் புரியும். நான் அசலூரு. நீ வந்து நின்னாத்தான் எனக்கு வழி தெரியும்." அடெலினோ ரொட்டியில் இன்னொரு துண்டைப் பிய்த்து அண்ணன் கையில் வைத்தார். "நீ ஆஸ்பத்திரிலேருந்து வந்துரு. ஞாயித்துக்கிழமை தவறாம வர்றேன்."

வாராவாரம் ஒரு மணி நேரம் கார் ஓட்டுவதாக ஒரு ரோட் ஐலண்டுக்காரன் சொல்கிறான். கேலியா என்று பெர்னார்டோ தம்பியின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப சாப்பாடு கட்டிக்கிட்டு வாடா," என்றார்.