அந்தப் பால் மணியை அடித்தது நான்தான்

சென்ற புதன்கிழமை, புதுக்கோட்டை விடுதியில் கணக்குப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வழியாக வரும் பஸ்ஸின் கண்டக்டர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஏம்மா வாலு, ஒங்க ஊரு பவுடர் நர்ஸம்மா தவறிட்டாங்களாம். மணமேல்குடியிலேருந்து வேன்ல கொண்டாராங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம்."

பொய்ச் சேதி சொல்லி ஊரை ஓடவைப்பது என் தொழில். இவர் போட்டிக்கு வந்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்னவாசல் பக்கத்து எங்கள் மிஷன் கோயில் மருந்தகத்தில் நர்ஸாக இருந்த அடைக்கலமேரி அம்மாவைத்தான் சொல்கிறேன். அயல்நாட்டிலிருந்து நிவாரணமாக வந்த பால் பவுடரைக் கரைத்து ஊற்றியவர். முகத்துக்குப் பவுடரே போடாத அவருக்குப் பவுடர் நர்ஸ் என்று பெயர் வைத்தது நான். பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஊருக்குப் போனால், கோயில் கதவில் கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸ். 'அமைதியின் உருவம், கீழ்ப்படிதலின் இலக்கணம்' என்று அச்சடித்து, அடியில் நிவாரணக் கமிட்டிச் செயலாளர் கையெழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ்ப்படிதலா? கோயிலின் கீழ்ப்படியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் புண் துடைத்தாரே, அந்த ஒரு கீழ்ப்படிதான் அம்மாவுக்குத் தெரியும். அவரை அறிந்த ஊர்க்காரர்கள் உங்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் அந்த நோட்டீஸைப் படித்துவிட்டுத் தலையாட்டினீர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பால் வாங்குமுன் பிள்ளைகள் கைகூப்பி நன்றிப் பாட்டுப் பாட வேண்டும் என்று செயலாளர் ஒருமுறை உத்தரவு போட்டார். கோயிலுக்கு வராத குடும்பத்துப் பிள்ளைகள் பாட்டுத் தெரியாமல் விழித்தார்கள். "சாமி கும்பிடாததுக்கும் பாலா?" என்றார் அவர். அம்மா அகப்பையை நிறுத்தவே இல்லை. "பசிக்கு ஞானஸ்நானம் கெடையாதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நெழலு கொப்பரையில விழுகுது" என்றார். பாட்டு அன்றோடு போயிற்று.

அந்த தைரியம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அம்மா ரங்கூன் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் காடு மலையெல்லாம் நடந்து இந்தியா வந்தவர். வழியில் ஒரு முகாமில் கஞ்சிக்கு வரிசை. யாரோ ஒரு துரை பார்வையிட வரும்வரை கொப்பரையைத் திறக்கக் கூடாது என்று மூடியே வைத்திருந்தார்களாம்.

"தொரை வாரதுக்குள்ள, எனக்கு முன்னால நின்ன பொம்பள சரிஞ்சு விழுந்துட்டா. நான் அவ எடத்துக்கு ஒரு அடி நகந்து நின்னேன், வாலு. அந்த ஒரு அடிய இன்னமும் என்னால பின்னால எடுத்து வைக்க முடியல."

இதைத் தெரிந்துகொண்டால்தான் மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது உங்களுக்கு விளங்கும்.

அந்த வருஷம் மழை இல்லை. கண்மாயில் மாடு மேய்ந்தது, பிறகு மேயவும் ஒன்றுமில்லாமல் போயிற்று. வீடுகளில் புளியங்கொட்டையை இடித்துக் களி கிண்டினார்கள். முன்பு வந்த பால் பவுடரும் தீர்ந்திருந்தது. அப்போதுதான் கை குலுக்கும் படம் போட்ட புதுப் பவுடர் டிரம்கள் லாரியில் வந்து இறங்கின. படத்தில் கை குலுக்கல், நாம் நின்றதோ கை கட்டி. டிரம்களைப் பள்ளிக்கூட அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, படம் பிடித்து, விநியோகத்தைத் தொடங்கிவைக்கும்வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு. அவர் வருகை ஒருமுறை தள்ளிப்போயிற்று. மறுமுறையும் தள்ளிப்போயிற்று. பந்தலில் கட்டிய வாழைமரம்கூடக் காத்திருந்து காய்ந்துவிட்டது.

எனக்கு அப்போது பதினாலு வயது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஊர்ப் பசியைத் தீர்க்க நான் மணி அடிக்கவில்லை. செயலாளர் ஐயா தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். துக்கத்துக்கு ஒற்றை ஒற்றையாய் அடிப்பார்கள், பாலுக்கு இரண்டிரண்டாய். மணி அடிக்கும் கோயில்பிள்ளை சாப்பிடப் போன மத்தியான நேரத்தில், பெண்பிள்ளைகள் தொடக் கூடாத அந்தக் கயிற்றைப் பிடித்து இரண்டிரண்டாய் அடித்துவிட்டு, சாமியார் உட்கார்ந்து பாவமன்னிப்புக் கொடுக்கும் மரக்கூண்டு, அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஊரே வந்தது. சொம்பு, மண்சட்டி, ஈயப்போணி. கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்து ராக்காயி, அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தாள். தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செயலாளர் வந்தார். "எந்தக் கழுத மணி அடிச்சது? போங்க, போங்க! பாலும் இல்ல, பாயசமும் இல்ல!"

யாரும் நகரவில்லை. அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மணி அடிச்சாச்சுங்க" என்றார்.

"அடிச்சது யாருன்னு மொதல்ல கண்டுபிடிப்போம் நர்ஸம்மா."

"அடிச்ச கையத் தேட நேரமில்லைங்க. நீட்டுற கையப் பாக்கணும்."

"ஒங்க வேலை போயிரும், தெரியுமில்ல?"

"வேலை போனா இங்கிட்டு இல்லாட்டி அங்கிட்டு பாத்துக்கலாம். இந்தப் பிள்ளை போயிட்டா எங்கிட்டுப் போயி பாக்குறது?"

பூட்டு திறந்தது. ராக்காயி மகன்தான் முதலில் குடித்தான்.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா நேராகத் தொட்டிக்குப் பின்னால் வந்தார். "கையக் காட்டு" என்றார். கயிறு உராய்ந்து உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. களிம்பு தடவினார். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இனிமே மணி அடிக்கிறதா இருந்தா, பவுடர் கரைக்க வெந்நி வச்சாச்சான்னு கேட்டுட்டு அடி. பிள்ளைங்க ஒரு மணி நேரம் வெயில்ல நின்னுச்சுங்க."

அந்த மாதமே அம்மாவைக் கடற்கரைப் பக்கம் மாற்றினார்கள். உத்தரவை மீறி மணி அடிக்கச் செய்தார் என்று கடிதத்தில் குற்றம். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. நானாவது சொன்னேனா? பரட்டைத் தலைப் பொடியன் முதல் பாதிரியார் வரை எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்த இந்த வாய்க்கு, என் சொந்தப் பெயரைச் சொல்ல வரவில்லை. பால் குடித்த நீங்களும் வாயைத் துடைத்துக்கொண்டு போனீர்கள். பின்னால் பெரியவர் வந்தார், ரிப்பன் வெட்டினார், படம் பிடித்தார்கள். கைதட்டினோம். அம்மா புயலடித்த மீனவர் குப்பங்களில் கஞ்சி ஊற்றிக்கொண்டு, கடைசியில் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார்.

அடக்கத்தன்று கோயிலில் இருந்தது இருபது பேர். "காட்டு வேலை நேரம், யாரு வருவா? சுருக்கா முடிப்போம்" என்றார் செயலாளர். கோயில்பிள்ளை துக்க மணி அடிக்கப் போனார். நான் எதிரே போய் நின்றேன். என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "வெத்தலை தீந்துபோச்சு, வாங்கியாறேன்" என்று நடந்துவிட்டார்.

நான் அடித்தேன். இரண்டிரண்டாய்.

பால் நின்றுபோய் எத்தனையோ மாதம் ஆகியும் ஊர் வந்தது. சொம்பு, மண்சட்டி, ஈயப்போணி. "எந்தக் கழுத..." என்று ஆரம்பித்த செயலாளர், சட்டிகளோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்து வாயை மூடினார். "இந்தக் கழுததாங்க. அன்னைக்கும் இதே கழுததான்" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

யாரும் திரும்பிப் போகவில்லை. யாரும் சொல்லாமலே வரிசை நின்றது. கைப்பிடி மண் போடும் நேரம் வந்தபோது, ராக்காயி குனிந்து, பால் வாங்கிய சட்டியிலேயே மண்ணை அள்ளினாள். அவள் மகன் தன் கால்களால் ஓடிவந்து ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அவளுக்குப் பின்னால் எல்லாரும் அப்படியே.

நோட்டீஸை நான் கிழிக்கவில்லை. 'கீழ்ப்படிதல்' என்ற சொல்லை மட்டும் கரியால் அடித்து, மேலே 'மணி அடிச்சாச்சுங்க' என்று எழுதிவிட்டு வந்தேன். அழிப்பவர்கள் அழித்துக்கொள்ளட்டும்.

என்னிடம் இருப்பது இரண்டுதான். உள்ளங்கையில் அந்தக் கயிற்றுத் தழும்பு, அதன் மேல் புதிதாக உரிந்த தோல். இந்த முறை களிம்பு நானே தடவிக்கொண்டேன். அப்புறம் அம்மா சொன்ன அந்த வெந்நீர். எங்கேயாவது இன்னொரு துரைக்காக இன்னொரு அறையைப் பூட்டிவைத்தால், முதலில் அடுப்பு மூட்டுவேன். பிறகு கயிற்றைத் தொடுவேன்.