தடுப்பில்லாத ரோலரை ஓட்ட மறுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை ரப்பர் ஸ்டோரில், தோட்டத்து ரப்பரைத் தட்டையாக்கும் அந்த ஆலையில், வேலையாக நின்றபோது, மாரியாயி அக்காவின் மகள் ரம்புக்கனையிலிருந்து போன் செய்தாள். “அம்மா போயிட்டாங்க.” மெஷின் சத்தத்தில் இரண்டாவது முறையும் சொல்ல வைத்தேன். பக்கத்தில் நின்ற புதுப்பெண், யாரென்று சிங்களத்தில் கேட்டாள். கூட வேலை செய்தவர் என்று மட்டும் சொன்னேன். அக்காவைத் தெரிந்தவள் இப்போது ஸ்டோரில் நான் ஒருத்திதான். அதனால் அன்று எங்களோடு வேலை செய்து, பிறகு தோட்டத்தை விட்டுப் போன உங்களுக்கு எழுதுகிறேன்.

பல வருடங்கள் நாங்கள் ஒரே ரோலரின் இரு பக்கங்களில் நின்றோம். உறைந்த ரப்பரை அக்கா உள்ளே கொடுப்பார்; தட்டையாகி வருவதை நான் இழுப்பேன். ஒருமுறை, உருளைகளுக்குள் கை போகாதபடி மறைக்கும் இரும்புத் தடுப்பு உடைந்தது. பழுதுபார்க்கக் கழற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டுவரவில்லை. மூன்றாம் நாள் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னார்.

“தொர, கை போனா நீங்க குடுப்பீங்களா? தடுப்ப மாட்டுங்க, ஓட்டுறேன்.”

ஒரு வாரம் வேலைக்கு வராதே என்றார் துரை. பிறகு என்னைக் காட்டி, “இவ ஓட்டட்டும்” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஓட்டினேன். உங்களில் சிலரும் அன்று அங்கே இருந்தீர்கள்.

நான் ஓட்டத் தொடங்கிய நான்காம் நாள் என் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. கேகாலை ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் அக்கா. கஞ்சியை ஆற்றி ஊட்டினார்.

“என்னைய ஏசுங்கக்கா” என்று அழுதேன்.

“ஒன்னய ஏசி என்னா செய்ய? மொதல்ல அந்தத் தடுப்பு வரணும்.”

அரசாங்கத்தின் தொழில் அலுவலகத்துக்குப் போய் அக்காவே சிங்களத்தில் முறைப்பாடு சொன்னார். சாட்சிக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. கட்டுப் போட்ட கையோடு நான் போனேன். அதிகாரி வந்து பார்த்தபின் தடுப்பு வந்தது. துரைக்குப் பயந்து பலர் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருப்போம். அக்கா ஓய்வு பெற்று மகளிடம் போனபின் அங்கே நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

காயம் ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று, ரோலரின் அருகே போக எனக்குக் கால் வரவில்லை. அக்கா சுவிட்சில் கை வைத்தபடி நின்றார். “நீ சரின்னு சொன்னாத்தான் போடுவேன்.” துரை இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போனார். அக்கா அசையவில்லை. நான் தலையாட்டும்வரை அவர் காத்திருந்த அந்த நேரம்தான் என்னிடம் இருக்கிறது. இப்போது என்னை யாரும் அப்படிக் கேட்பதில்லை. புதுப்பெண்ணைக் கேட்டுவிட்டுத்தான் நான் சுவிட்சைப் போடுகிறேன்.