கல்யாணத்தோடு மூடிய நாவல்

அண்மையில் வாசித்த புத்தகங்களில் நல்லவை எவை என்று எழுதித் தரும்படி எங்கள் ஊர் நூலகத்தில் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவன் நான். அறுவடை முடிந்து சும்மா இருக்கும் மாதங்களில் வாசிப்பேன். வாசித்ததை எதிர்ப்படுகிறவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. எழுதலாம்தான். ஆனால் என் தங்கச்சிக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நான் பட்ட பயத்தை முதலில் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம். தங்கச்சி வாவிக்கு அந்தப் பக்கம், களுவாஞ்சிக்குடியில் இருக்கிறாள். போன வருஷம் அவளுடைய புருஷன் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. எங்களோடு வந்து இரு என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன். அம்மா சீதனமாகத் தந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்றாள். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு புத்தகத்தோடு போய்வரத் தொடங்கினேன்.

முதலில் கொடுத்தது மூலிகை வைத்தியப் புத்தகம். அடுத்த கிழமை, "இதில நோயில்லாத பக்கமே இல்ல அண்ணன். வாசிச்சு முடிய எனக்கு ஆறு நோய் வந்திட்டு" என்றாள். பிறகு ஒரு துப்பறியும் கதை. "கொலைகாரன் ஆரெண்டு மூணாம் பக்கத்திலேயே தெரிஞ்சிட்டு. உங்களுக்கு எப்ப தெரிஞ்ச?" என்று கேட்டாள். கடைசிப் பக்கத்தில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடந்துபோன ஒருவர் எழுதிய புத்தகத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தாள். கால் வீங்கிப் பாதிவழியில் இருந்து அழுத அந்த மனுஷனைப் பற்றி, தெரிந்த ஆளைப்போலக் கதைத்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது என்று முருகனுக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்த நீல அட்டை நாவல். கடற்கரை ஊரில் புருஷனை இழந்த ஒருத்தியின் கதை. ஆடு கோழி வளர்த்து, தம்பியின் மகளைத் தன் மகளாக ஆளாக்கி, கல்யாணமும் செய்துவைக்கிறாள். அந்தக் கல்யாணத்தோடு நான் புத்தகத்தை மூடிவிட்டேன். இன்னும் இருபது முப்பது பக்கம் இருந்தது.

ஏன் மூடினேன் என்றால், எங்கள் அம்மன் கோயிலில் வருஷச் சடங்கு காலத்தில் புராணம் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். சாவிலோ அழுகையிலோ அன்றைய படிப்பை நிறுத்துவதில்லை. கல்யாணம், பிள்ளைப்பேறு, முடிசூட்டு என்று மங்களமான இடம் வரும்வரை படித்து, அங்கே நிறுத்தி, கற்பூரம் காட்டி, புத்தகத்தைப் பட்டில் சுற்றி வைத்துவிடுவோம். முப்பது வருஷப் பழக்கம். வீட்டில் கதைப்புத்தகம் வாசிக்கும்போதும் நல்ல இடம் வந்து, அதன்பின் கதை இருட்டப் பார்த்தால், கை தானாக மூடிவிடும். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை.

கொடுக்கும்போது, "இந்தப் பொம்புளையப் பார் புள்ள. உன்னப் போலத்தான். நீயும் இவளப் போல இரிக்கோணும்" என்று சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை காலையில் நூலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற பிள்ளை நாவல் எப்படி என்று கேட்டாள்.

"அருமை மகள். என்ட தங்கச்சிக்குக் குடுத்திரிக்கன்."

அவள் கையிலிருந்ததை மேசையில் வைத்தாள். "போன வருஷம் புருஷன் மோசம் போன அவவுக்கா? ஐயா, நீங்க கடைசி வாசிச்சீங்கதானே? கல்யாணம் முடிஞ்ச மற்ற நாள் விடிய அந்தப் பொம்புள கடலுக்க நடந்து போறா. திரும்பி வாறல்ல."

வெளியே வந்து தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். நிறுத்திவைத்திருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. மறுபடி எடுத்தேன். அதே குரல்தான், ஆள் இல்லை.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். எங்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதை அக்கரையில் நின்றது. அது வந்து சேருவதற்குள் என் உடம்பு முழுக்க வியர்த்துவிட்டது. ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். ஓட்டுகிறவர், "என்ன அண்ணன், நீங்க தள்ளித்தான் பாதை போகுதோ? அப்பிடிப் பிடிச்சிரிக்கீங்க" என்றார். சனம் சிரித்தது. தாயே, உன் வாசலில் படித்த நாக்கு இது, இதை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் வீட்டு வேலிக் கடப்பில் படல் கயிற்றால் கட்டிக் கிடந்தது. பக்கத்து வளவுக்காரி எட்டிப் பார்த்து, "விடியவே ஆத்தங்கரைப் பக்கம் போனாவே. இன்னும் வரல்லையா?" என்றாள். நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம்.

கரையில் ஒருவர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொம்புள வந்தாவா என்று கேட்டேன்.

"வந்தா. கன நேரம் தண்ணியப் பாத்துக்கிட்டு நிண்டா. மறுகா நான் காணல்ல."

நான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். எங்கே தேடுவது, எப்படித் தேடுவது, ஒன்றும் தெரியாது. அவளைச் சின்ன வயதில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எவ்வளவு நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்குமேல் வரவில்லை. அவள் எவ்வளவு தூரம் போயிருப்பாளோ என்று அது இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணன்! வேட்டியெல்லாம் நனையுது. அங்க என்ன செய்யிறீங்க?"

கரையில் நெற்றி நிறையத் திருநீற்றோடு தங்கச்சி நின்றாள். பிள்ளையார் கோயிலுக்குப் போய் வருகிறாளாம். ஆனால் அவள் சேலையின் கரையும் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டேன்.

"உன்ட போன் என்ன?"

"சார்ஜ் இல்ல."

"அந்தப் புத்தகம்..."

"முந்தாநாளே முடிச்சிட்டன்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "இவளப் போல இரு எண்டு நீங்கதானே சொன்னீங்க. ரெண்டு நாளா யோசிக்கன். என்ட அண்ணன் என்னத்த நினைச்சு அப்பிடிச் சொன்னாரெண்டு."

தண்ணீரில் நின்றபடியே சொன்னேன். "நான் கடைசி வாசிக்கல்ல புள்ள. கல்யாணத்தோட மூடிட்டன்."

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். பிறகு, "கோயில்ல படிக்கிற பெரிய ஆள்! அரைப் புத்தகத்தை வாசிச்சுப்போட்டு ஊருக்குப் புத்தி சொல்லித் திரியிறீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

"விடியக்காலமை நீ ஏன் தண்ணிக்க இறங்கின?"

"முழங்கால் மட்டுந்தானே அண்ணன் தண்ணி. சாகிறதெண்டா அக்கரை வரைக்கும் நடக்கோணும். ஆருக்கு ஏலும்?"

அது பகிடியா, உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம்.

வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தாள். நீலப் புத்தகத்தை என் மடியில் வைத்து, "மிச்சத்தைப் படிங்க. சத்தமாப் படிங்க" என்றாள். படித்தேன். கோயிலில் ஒருநாளும் நடுங்காத குரல் நடுங்கியது. அந்தப் பெண் கடலுக்குள் போகும் இடத்தில் தங்கச்சி குறுக்கிட்டாள். "எழுதின ஆளுக்கு ஒண்டும் தெரியல்ல. அவ்வளவு பாடுபட்டு வளத்தவ கோழிகளுக்குத் தீன் போடாமப் போவாளா?" என்று சொல்லி எழும்பி, விடிந்ததிலிருந்து கூட்டிலேயே கிடந்த தன் கோழிகளைத் திறந்துவிடப் போனாள். அவள் திரும்பி வரும்வரை நான் வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இனி, கேட்டதைச் சொல்கிறேன். மூலிகைப் புத்தகம் வீட்டில் இருக்க வேண்டியது, ஆனால் ஒரு நாளைக்கு ஒரு நோய் போதும். துப்பறியும் கதை பஸ்ஸில் வாசிக்க நல்லது. கதிர்காமப் புத்தகத்தை யாருக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். நீல நாவலும் நல்ல நாவல்தான், அதில் பொய் இல்லை. யாருக்காவது கொடுத்தால், அவர்கள் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

தங்கச்சி நேற்றுத் தொலைபேசி எடுத்து, "வெள்ளிக்கிழமை என்ன கொண்டு வாறீங்க?" என்று கேட்டாள். மேசையில் மூன்று புத்தகங்கள் கிடக்கின்றன. மூன்றையும் கடைசிச் சொல் வரைக்கும் வாசித்துவிட்டேன். மூன்றிலும் யாரோ ஒருவர் சாகிறார். நாளைக்கு வெள்ளிக்கிழமை. எதை எடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.