கல்லுக்குச் சோறு

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அண்ணனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

"கல்லுக்குச் சோறு போடுறா. அதுக்குத்தான் இத்தனை படிப்பு."

மீன் காட்சியகத்தில் அவளுக்குப் பெயர் டீச்சர். பவளத் தொட்டி அவள் பொறுப்பு. கண்ணாடியைத் தட்டி, "இது செடியா, கல்லா?" என்று கேட்பவர்களிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்:

"விலங்குங்க. கல்லு அதுங்க கட்டிக்கிட்ட வீடு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு உயிர். வாயைச் சுத்தி இருக்கிற கொம்பால கொட்டி இரை பிடிக்கும். உடம்புக்குள்ள குடியிருக்கிற பாசி வெயில்ல சமைச்சு, வாடகையா சாப்பாடு கொடுக்கும்."

தலையாட்டிவிட்டுக் கழிவறை எங்கே என்று கேட்பார்கள்.

மேலாளர் முதலாளியின் மைத்துனர். வேறு தகுதியை அவர் தேடிக்கொள்ளவில்லை.

"ஏம்மா, செத்துப்போச்சான்னு கேக்குறாங்க. தூக்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் வெச்சிடலாம்."

"சார், இந்த வகை பகல்ல சுருங்கிக்கும். இருட்டுனா விரியும். ஒரு தடவை பாருங்க."

வாசல் மூடியதும் மங்கலான நீல விளக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்ற விளக்குகளை அணைத்தாள். "விரிஞ்சிருச்சா?" என்று மேலாளர் கைப்பேசி வெளிச்சத்தை அடித்ததில், எட்டிப் பார்த்தவையெல்லாம் உள்ளே போயின. கெஞ்சி அதையும் அணைக்க வைத்தாள். மெல்ல மெல்லக் கல் பூத்தது. சிரிஞ்சால் இறால் குஞ்சுகளை விட்டாள். கொம்புகள் பிடித்து வாய்க்குத் தள்ளின.

"அட, சாப்பிடுதே! வெளிக்கு எப்படிப் போகும்?"

"அதே வாய்தான் சார். சாப்பிடுறதும் அதுலதான், கழிக்கிறதும் அதுலதான்." அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவருக்கு உறைக்கவில்லை.

"இதுக்குக் கூட்டம் வரும்மா! தினம் நாலு மணிக்குச் சோறு ஊட்டுற காட்சி வைப்போம்."

"பகல்ல விரியாதே சார்."

"அதான் பிளாஸ்டிக். எப்பவும் விரிஞ்சே இருக்கும். நீ அதுக்கு ஊட்டுறேன்னா உன்னோட பவளத்தைப் பின்னறைத் தொட்டியில வெச்சுக்க. இல்லேன்னா குப்பைக்குத்தான்."

ஊட்டினாள். முக்காலியில் ஏறி நின்று, சிரித்த முகத்தோடு, பிளாஸ்டிக்குக்கு இறால் குஞ்சு. அவற்றை மீன்கள் தின்றன. கூட்டம் கை தட்டியது.

ஒருநாள் அண்ணன் பிள்ளைகளோடு வந்தான். கண்ணாடியில் மூக்கை ஒட்டி வெகுநேரம் பார்த்தான். காட்சி முடிந்ததும் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஏய், இது பிளாஸ்டிக்டீ. கல்லே தேவலையே!"

அத்தனை பேரில் ஒழுங்காகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான் என்பதுதான் அவளுக்கு எரிந்தது.