அரக்கோணத்துக் கணினி

என் மனைவியின் குரல் நாற்பத்தொரு ஒலிப்பதிவுகளில் இருந்தது. எனக்குத் தெலுங்கு அரைகுறையாகப் பேச வரும், படிக்க வராது. அவளுடைய தந்தையார் தெலுங்கில் எழுதிவைத்திருந்த மழைக்குறிப்புகளை, தன் கடைசிக் கோடையில் அரக்கோணத்தில் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது, அவள் எனக்காகத் தமிழில் சொல்லிப் பதிவு செய்தாள்.

அந்த வீட்டுக் கணினி, அவளுடைய மடிக்கணினி, திருத்தணியில் என் மேசைக் கணினி ஆகிய மூன்றையும் ஒரு மென்பொருளால் நானே இணைத்திருந்தேன். ஒன்றில் வைத்த கோப்பு மற்ற இரண்டிலும் தானாக வந்து சேரும். அங்கே பேசினால் இங்கே கேட்கிறதே என்று அவள் வியந்ததை எனக்கான பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வருஷத் திதிக்கு முன் மறைந்தவரின் பொருள்களைக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். மடிக்கணினி, கல்லூரியில் சேர்ந்த ஓர் உறவுப்பெண்ணுக்கு என்று முடிவாயிற்று. அந்தரங்கமானது எதுவும் வெளியே போகலாகாதென்று, காலையில் அவளுடைய கோப்புறையை அதிலிருந்து அழித்தேன். என் மேசைக் கணினியில்தான் இருக்கிறதே. திரும்பிப் பார்த்தபோது அங்கும் இல்லை. அழித்ததையும் அந்த மென்பொருள் நேர்மையாக எடுத்துச் சென்றிருந்தது. பழைய பிரதிகளைக் காத்துவைக்கும் வசதியை, இடம் அடைக்கிறதென்று நானே நிறுத்தியிருந்தேன்.

அரக்கோணத்துக் கணினி அவள் போனதிலிருந்து அணைந்தே கிடந்தது. இனி அதில் மட்டும்தான் அவை இருக்கும். இணையத்தைத் தொட்ட மறுகணம் அங்கும் இராது.

ரயில் நிலையத்துக்கு நடந்தேன் என்று எழுதுவது பொய்யாகும், ஓடினேன். கிருத்திகை நாளாதலால் மலைக்குச் செல்லும் கூட்டம் எதிரே வந்தது. நடைமேடையிலிருந்து மைத்துனனை அழைத்து, அந்தக் கணினியைப் பார்க்க வருவதாகச் சொன்னேன்.

"அதுக்கென்ன பாவா, உங்ககிட்ட பேசிகினே பட்டனை அழுத்திட்டேன். நீங்க வர்றதுக்குள்ள அது கண்ணு முழிச்சா உங்க அதிர்ஷ்டம்."

அது விழித்தெழ ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் பாலையே காய்ச்சி இறக்கிவிடலாம் என்று அவள் கேலி செய்வாள். அந்தச் சோம்பலை அன்று மனத்துக்குள் வணங்கினேன்.

"பின்னாடி நீல நெட் ஒயர் இருக்கும். பிடுங்கு."

"ஆஃப் பண்ணிடட்டா?"

"முதல்ல ஒயரு."

நாற்காலி நகர்ந்தது. ஏதோ கீழே விழுந்தது. ரயில் வந்து என் எதிரில் நின்று, புறப்பட்டும் போயிற்று. பெட்டிக்குள் தொடர்பு அறுந்துவிடுமோ என்று நான் ஏறவில்லை.

"பிடுங்கிட்டேன். இன்னும் சுத்திகினுதான் இருக்குது."

திரை வந்ததும் கோப்புறையைத் திறக்கச் சொன்னேன். அவன் வாய்விட்டு எண்ணினான். நாற்பத்தொன்று. பிறகு, நான் கேட்காமலே ஒன்றை ஓடவிட்டான்.

"இங்க அப்பா எழுத்து மழையிலயே நனைஞ்சுபோச்சு. என்னத்தைப் படிக்கிறது? அடுத்த பக்கம் போறேங்க."

பதிவை அங்கே நிறுத்தினான்.

"பாவா, லைன்ல இருக்கீங்களா?"

"அடுத்த பக்கத்தையும் போடு" என்றேன்.