ஃப்ரீசரில் வைத்த மிளகாய் விதை

ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் பனிக்கட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு மிளகாய் நெடி வருகிறது. துடைத்தாயிற்று, எலுமிச்சை அறுத்து வைத்தும் பார்த்தாயிற்று, போகவில்லை. நெடி மூக்கில் ஏறுவதற்குள் என் காது மடல் சூடாகிவிடுகிறது.

அந்த விதை என்னுடையதல்ல. வெள்ளக்கடை என்ற எங்கள் மலையூரில், எங்கள் வீட்டுக்கு மேலே காடு வைத்து வெள்ளாமை செய்பவருடையது. என்னைவிட மூத்த பெண்மணி. மூடுபனியிலும் பூ உதிராமல் காய்க்கிற குண்டு மிளகாய். கடையில் கிடைக்காது. வருடாவருடம் பழத்தைச் சரமாகக் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார், புகையே அதற்குக் காவல். வீட்டுக்கு கேஸ் வந்தது, புகை போனது, சரம் பூசணம் பூத்தது. தப்பிய கொஞ்சத்தை வைத்துத்தான் இனத்தை மீட்டார். அடுத்த விதையை எங்கே வைத்துக் காப்பது என்று பேச்சு வந்தபோது சொன்னார்:

"மஞ்சக்குட்டைல எங்கக்கா ஊட்டுல இன்னும் வெறகடுப்புத்தானுங்க. இதே வெதை அவகிட்டயும் இருக்குது. ஆனா அவகிட்டப் போயி நிக்கமாட்டேன். கேஸ் வாங்குனதுக்கே 'சீமாட்டிக்குக் கை கறுக்கப்படாது'ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சவ."

நான்தான் முந்திக்கொண்டேன். "எங்கிட்டக் குடுங்க. நல்லாக் காய்ஞ்ச விதை குளிர்ல தூங்கும். வருசக்கணக்கா சாகாது."

படித்தது பொய்யில்லை. வெயில் கண்ட நேரமெல்லாம் காயவைத்து, வளைத்தால் ஒடிகிற பதத்தில் டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். நான் அதைத் தூங்க விட்டேனா? சேலத்திலிருந்து யார் வந்தாலும், பேச்சு சலித்த இடத்தில் எழுந்துபோய் அந்த டப்பாவை எடுத்து வருவேன். ஜன்னலில் பனிமூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்து, "ஒரு மலையே இதுக்குள்ள தூங்குது" என்பேன். ஒவ்வொருவரிடமும் அப்போதுதான் தோன்றியதுபோல. விதையை அளையும் விரலில் ஈரம் படும், அதையும் வர்ணிப்பேன். பிறகு மூடி, மறுபடி உறைய வைப்பேன். மறுபடி திறப்பேன்.

அந்த விதையைத் தூவிய நாற்றங்காலில் களைதான் முளைத்தது.

மிச்சத்தை ஈரத்துணியில் முடிந்து பார்த்தோம். அவிழ்த்தபோது விதைகள் கொழகொழவென்று துணியோடு ஒட்டிக்கிடந்தன. அப்போதுதான் அந்த விரல் ஈரம் எனக்கு உறைத்தது. சொன்னேன். சில்லென்ற டப்பாவைத் திறந்தால் காற்றின் ஈரம் விதைமேல் வேர்த்து நிற்கும், அது உள்ளே ஊறி உறைந்தால் விதை செத்துப்போகும் என்று விளக்கம் வேறு. வெட்கம் கெட்ட நாக்கு.

"ஏனுங்க, தூங்கற கொழந்தைய வர்றவங்களுக்கெல்லாம் எழுப்பி எழுப்பியா காட்டுவாங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். துணியை உதறி மடித்தபோது சிரிப்பில்லை. மழை பிடிப்பதற்குள் நாற்று விட்டாக வேண்டும். இனி அந்த விதைக்கு ஒரே வாசல்தான்.

மறுநாள் காலை மஞ்சக்குட்டை ஜீப்புக்கு நின்றார். அக்காவுக்கென்று சாக்கில் சுற்றிய பலாப்பழம். அதைத் தூக்கி ஏற்ற மட்டும் என்னை விட்டார்.

"எலி தின்னுபோட்டுதுன்னு சொல்லிக்கறேனுங்க."

"வேண்டாமுங்க. என் பேரச் சொல்லுங்க. என்னாலதான் போச்சுன்னு சொல்லுங்க."

வண்டி உறுமியது. ஆட்களுக்கு நடுவிலிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"உங்க பேரச் சொன்னா, அவ சிரிச்சு முடிக்கறதுக்குள்ள மழையே வந்துருமுங்க. எலியாவே இருங்க சாமி."